மும்பையைத் திட்டுவது சுகம்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருக்கும் கட்டுரையின் சாரம் இது: இந்திய கிரிக்கெட் அணித் தேர்வில் தமிழன் திட்டமிட்டு ஒதுக்கப்படுகிறான். விஜய் சங்கர், பத்ரிநாத், அஸ்வின், நடராஜன் என்ற நால்வரும் அதற்குச் சாட்சி. காவிரியில் கர்நாடகம் செய்வதைத்தான் கிரிக்கெட்டில் மும்பை செய்கிறது. தஞ்சாவூரில் தொடங்கி திருத்துறைப்பூண்டி வரை எந்த டீக்கடையில் வாசித்தாலும் கைதட்டு விழக்கூடிய கட்டுரை. விழுந்தும் இருக்கிறது. கைதட்டியவர்களில் ஒருவராவது அந்த நால்வரின் கதையை ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால் எனக்கு இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

விஜய் சங்கரைப் பட்டியலில் சேர்க்க உண்மையிலேயே துணிச்சல் வேண்டும். 2019 ஏப்ரல் 15 அன்று உலகக் கோப்பை அணியை அறிவித்தபோது நாலாம் இடத்துக்குப் பலரும் எதிர்பார்த்த பெயர் அம்பதி ராயுடு. குண்டூரில் பிறந்தவர். அன்றைய தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத்தும் குண்டூர்க்காரர். ஊர்ப்பாசம்தான் அணியைத் தீர்மானிக்கிறது என்றால் அன்று யார் பெயர் வந்திருக்க வேண்டும்? குண்டூர்க்காரர் குண்டூர்க்காரரைக் கழித்துவிட்டு, பேட்டிங், பந்துவீச்சு, ஃபீல்டிங் என மூன்று பரிமாணமும் உள்ளவர் என்று சொல்லி நம் ஆளை எடுத்தார். முப்பரிமாணக் கண்ணாடி வாங்கிக்கொண்டு உலகக் கோப்பை பார்க்கப்போவதாக ராயுடு கேலி செய்தது ஊரறிந்த கதை. மான்செஸ்டரில் பாகிஸ்தானுக்கு எதிராக, உலகக் கோப்பையில் தான் வீசிய முதல் பந்திலேயே விஜய் சங்கர் விக்கெட் எடுத்தார். மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு கால்விரல் காயத்தோடு ஊர் திரும்பினார். அந்தக் கால்விரலுக்குள் மும்பை எந்த வழியாக நுழைந்தது என்று நண்பர் சொல்லவில்லை. இங்கே ஒதுக்கப்பட்டதாகப் புலம்பும் உரிமை ஆந்திராக்காரர்களுக்குத்தான் உண்டு.

அடுத்து பத்ரிநாத். 2010 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இரண்டு டெஸ்ட், அத்தோடு சரி. மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்போது தேர்வுக் குழுத் தலைவர் யார்? நம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். 2008 முதல் 2012 வரை அந்த நாற்காலி அவருடையது. கிரிக்கெட் வாரியத்தின் செயலாளர் யார்? நம் என். சீனிவாசன்; 2011-இல் அவரே வாரியத் தலைவரும் ஆனார். அந்த ஆண்டுகளில் மும்பைக்காரர்களும் டெல்லிக்காரர்களும் ‘சென்னை லாபி’ என்று அழுதுகொண்டிருந்தார்கள். நண்பர் இன்று அழும் அதே சுருதி. பத்ரிநாத்தின் வழியை மறித்து நின்றவை டிராவிட், டெண்டுல்கர், லட்சுமண் என்ற மூன்று பெயர்கள்தான். அந்த மூவரையும் தாண்டி உள்ளே போக முடியாதவர்கள் வரிசை மும்பையிலேயே நீளமானது. அமோல் முஜும்தாரைப் பாருங்கள். முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260 அடித்தவர், முதல்தர ஆட்டங்களில் 11,000 ஓட்டங்களுக்கு மேல் குவித்தவர். ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. பத்மாகர் சிவால்கர் மும்பைக்காரர், 589 விக்கெட். ஹரியானாவின் ராஜிந்தர் கோயல், 750 விக்கெட். பிஷன் பேடி என்ற ஒரே ஆள் இருந்ததால் இரண்டு பேருக்கும் டெஸ்ட் தொப்பி இல்லை. மும்பை தன் சொந்தப் பிள்ளைகளையே சதி செய்து வீட்டில் உட்கார வைத்தது என்று நண்பர் ஒரு தொடர் எழுதலாம்.

அஸ்வின் விஷயத்தில் பாதி வழி நண்பரோடு நடக்க நான் தயார். 2021-இல் இங்கிலாந்தில் நான்கு டெஸ்டுகளிலும் அவரைத் தண்ணீர் தூக்க வைத்தது தவறு. 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் அவரை வெளியே உட்கார வைத்தது பச்சை முட்டாள்தனம். எதிரணியில் ஐந்து இடதுகை ஆட்டக்காரர்கள் இருக்கும்போது, அப்போது உலகின் முதல்நிலை டெஸ்ட் பந்துவீச்சாளரை விட்டுவிட்டு யாராவது இறங்குவார்களா? இறங்கினார்கள், டிராவிஸ் ஹெட் 163 அடித்தார், 209 ஓட்டங்களில் தோற்றோம். ஆனால் அணிக்கு ஆள் எடுப்பது வேறு, களமிறங்கும் பதினொருவரை முடிவு செய்வது வேறு. முதலாவது தேர்வுக் குழுவின் வேலை, இரண்டாவது கேப்டனும் பயிற்சியாளரும் செய்வது. இந்த அரிச்சுவடி வித்தியாசம் நண்பரின் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. ஓவலுக்குப் போன அணியில் அஸ்வின் இருந்தார். அப்போது தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் தமிழ்நாட்டின் ஸ்ரீதரன் சரத்; ரஞ்சியில் நூறு ஆட்டங்களைத் தாண்டியும் இந்தியத் தொப்பி கிடைக்காதவர். ஒதுக்கப்படுவதன் வலி நண்பரைவிட அவருக்குத் தெரியும். தப்பான முடிவெல்லாம் சதி ஆகிவிடாது. 106 டெஸ்ட் ஆடி, 537 விக்கெட் எடுத்து, இந்தியப் பந்துவீச்சாளர்களில் கும்ப்ளேவுக்கு அடுத்த இடத்தில் நிற்பவரை ‘ஒதுக்கப்பட்ட தமிழன்’ என்று எழுதுவது அவருக்கே கேவலம்.

நண்பர் வசதியாக மறந்த பெயர் ஒன்று உண்டு: வருண் சக்கரவர்த்தி. 2025 சாம்பியன்ஸ் கோப்பைக்கு ஜனவரியில் அறிவித்த அணியில் அவர் இல்லை. பிப்ரவரியில் சேர்த்தார்கள். யாரை எடுத்துவிட்டு? மும்பைக்கு ஆடும் யஷஸ்வி ஜெய்ஸ்வாலை. யார் எடுத்தது? மும்பையின் அஜித் அகர்கர் தலைமையிலான குழு. கேப்டன் யார்? மும்பையின் ரோகித் சர்மா. துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக வருண் 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார், கோப்பையும் வந்தது. மும்பைக்குச் சதி செய்யவும் தெரியவில்லை போலிருக்கிறது.

இனி நடராஜன். நண்பரின் கட்டுரை தன் காலிலேயே கோடரியைப் போட்டுக்கொள்ளும் இடம் இதுதான். மூன்றாம் பத்தியில் நடராஜன், ஒரே ஒரு டெஸ்டோடு தூக்கி எறியப்பட்ட பலிகடா. கடைசிப் பத்தியில் அதே நடராஜன், ‘திறமை இருந்தால் எந்தக் குக்கிராமத்திலிருந்தும் மேலே வரலாம்’ என்பதற்கு முன்னுதாரணம். டெல்டா இளைஞர்கள் சாக்குச் சொல்லாமல் அவரைப் போல உழைக்க வேண்டுமாம். கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் சொல்ல முடியாது ஐயா.

அவர் எப்படி வந்தார் என்று பார்ப்போம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா தறி வேலை, அம்மாவுக்குச் சாலையோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். ஜெயபிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் ஒருவர் கையைப் பிடித்துச் சென்னைக்குக் கூட்டிப்போகவில்லை என்றால் அவர் இன்றும் சுழற்கோப்பைப் போட்டிகளில் யார்க்கர் போட்டுக்கொண்டிருப்பார். சென்னை லீக்கில் நாலாம் டிவிஷனில் தொடங்கி, விஜய் கிளப், ஜாலி ரோவர்ஸ் என்று ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சி. உடனே பந்தை எறிகிறார் என்று புகார். கையைத் திருத்தி மறுபடி அடியிலிருந்து தொடக்கம். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) வந்தது, உலகம் பார்த்தது, 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி. இந்தியத் தொப்பி எப்படி வந்தது? 2020-இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடப் போனவர். வருணுக்குத் தோளில் அடி, டி20 அணியில் இடம். சைனிக்கு முதுகு வலி, ஒருநாள் அணியில் இடம். பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா அத்தனை பேரும் காயத்தில் விழுந்த பிறகு, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். முதல் இன்னிங்சிலேயே மூன்று விக்கெட். சில மாதங்களில் முழங்கால் அறுவை சிகிச்சை. 2024-இல் அவர் ஐ.பி.எல்.லில் 19 விக்கெட் எடுத்தும் டி20 உலகக் கோப்பைக்கு எடுக்கவில்லை என்று நண்பர் கொதிக்கிறார். அந்த இடதுகை இடத்தில் இருந்தவர் அர்ஷ்தீப் சிங். அந்த உலகக் கோப்பையில் அவர் எடுத்தது 17 விக்கெட். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு அண்ணன், ஒரு புது லீக், ஏழெட்டுப் பேரின் காயம். இத்தனையும் ஒன்றுகூடி வந்தால்தான் ஒரு கிராமத்துப் பையன் மேலே வருவான் என்பதற்கு நடராஜன் சாட்சி. உழைப்பு மட்டும் போதும் என்பதற்கு அல்ல. பத்ரிநாத், அஸ்வின், முரளி விஜய், தினேஷ் கார்த்திக், பாலாஜி, வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் என்று கடந்த இருபது ஆண்டுப் பெயர்களை எழுதிப் பாருங்கள். சென்னை, சென்னை, சென்னை. நடராஜன் தனியாக நிற்கிறார். வடக்கிலிருந்து யாரோ வந்து எழுதிய பட்டியல் இல்லை இது.

காவிரியை இழுத்தது நண்பர்தான். ஆகவே காவிரியை வைத்தே கேட்கிறேன். காவிரி வழக்கில் நம் கையில் கணக்கு இருக்கிறது. பிலிகுண்டுலுவில் அளவைக் கருவி இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 டி.எம்.சி. என்று எழுதியே கொடுத்திருக்கிறது. குறைந்தால் குறைந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். நண்பரின் புகாருக்கு எந்தப் பிலிகுண்டுலு? இன்னொன்று. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, ஆற்றில் தண்ணீர் போன பிறகும் கடைமடைக்கு வராத ஆண்டுகள் எத்தனை? அப்போது வேதாரண்யத்துக்காரரும் தலைஞாயிறுக்காரரும் திட்டுவது பெங்களூரையா? மேல்மடைக்காரரையும், தூர்வாராத வாய்க்காலையும், மதகைத் திறக்காத ஆளையும்தானே! கிரிக்கெட்டில் நாம் கடைமடை. அந்த மதகு சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தில் இருக்கிறது.

நம் பையன்கள் ஆடும் இடம் எது? தையிலும் மாசியிலும் சம்பா அறுத்த வயல். அதிலும் எல்லா வயலும் கிடைக்காது; அறுப்புக்கு முன்பே தாளுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள், அங்கே கால் வைத்தால் அடி விழும். மிச்சமிருக்கும் தரிசில் தாளை மிதித்துச் சமன் செய்து ஒரு பிட்ச். சித்திரை வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் ஸ்டிச் பால் போட்டால் பல் போகும். அதனால் டென்னிஸ் பால். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் சில நாட்களில் மைதானமே தண்ணீருக்குள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் கண்கள் பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களைப் பார்க்கின்றன. அந்த வயதில் நம் பையனுக்குப் புல்தரை பிட்ச் எப்படி இருக்கும் என்றே தெரியாது. நல்ல இங்கிலிஷ் வில்லோ மட்டை ஒன்று வாங்க, 2024-25 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் குவிண்டால் 2,450 ரூபாய் விலைக்குச் சன்ன ரகம் பத்துக் குவிண்டால் போட வேண்டியிருந்தது. எல்லாம் இருந்தாலும் உண்மையான ஆட்டம் நடப்பது 340 கிலோமீட்டர் தள்ளி, சென்னையின் முதல் டிவிஷன் லீக்கில். அங்கே தங்க இடம், சாப்பாடு, ஒரு கம்பெனி வேலை, தெரிந்த ஒரு கோச். இதில் ஒன்று குறைந்தாலும் பையன் மூன்றாவது மாதம் ஊருக்குத் திரும்பி செல்போன் கடையில் உட்கார்ந்துவிடுவான்.

டி.என்.பி.எல்.லில் எட்டு அணி. தஞ்சாவூருக்கு ஒன்றும் இல்லை. திருச்சி அணிக்குப் பெயர் ‘கிராண்ட் சோழாஸ்’. சோழன் பெயர் வேண்டும், தஞ்சாவூர் வேண்டாம். (உறையூரும் சோழர் தலைநகர்தான் என்று திருச்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) அணிக்கு ஊர்ப் பெயர் வைப்பதால் அந்த ஊர்ப் பையன்கள் ஆடிவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பெயருக்குக்கூட நாம் இல்லை என்பதற்கு நண்பரின் ரத்தம் ஏன் கொதிக்கவில்லை?

இன்னும் கீழே போனால் நண்பருக்கு இன்னும் சங்கடம். தமிழ்நாட்டுத் தேர்விலேயே சாதி பார்க்கிறார்கள் என்று 2014-இல் ‘ஜீவா’ படம் பேசியது. ஊர் அணிக்குள்ளேயே பார்க்கிறார்கள் என்று 2024-இல் ‘லப்பர் பந்து’ காட்டியது. இரண்டுக்கும் டெல்டா தியேட்டர்களில் விசில் பறந்தது. விசிலடித்தவர்கள் ஊரில் பொங்கலுக்கு நடக்கும் டோர்னமென்ட் நோட்டீசை எடுத்துப் பாருங்கள்: ஊர்த்தெருவுக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். இரண்டு டீமின் நல்ல பையன்களையும் சேர்த்து ஒரே அணியாக அடுத்த ஊருக்கு அனுப்பிய ஊர்கள் எத்தனை? அந்த முதல் தேர்வைச் செய்வது அகர்கர் இல்லை. நாம். நம் மாமா, சித்தப்பா, கமிட்டித் தலைவர், ஆட்டுக்கிடாயும் சுழற்கோப்பையும் நன்கொடை தரும் பெரிய மனிதர். தமிழன் ஒதுக்கப்படுகிறான் என்று மைக்கில் முழங்குகிறவரும் சில ஊர்களில் அவரேதான்.

மும்பைக்குக் கண்டனக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கப்போவதாக நண்பர் அறிவித்திருக்கிறார். தபால் செலவு வீண். இரவில் தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். அங்கிருந்து சேப்பாக்கம் விக்டோரியா ஹாஸ்டல் சாலைக்கு ஆட்டோ கிடைக்கும். கடந்த பத்து ஆண்டுகளில் பதினாறு வயதுக்குட்பட்டோர் மாநிலத் தேர்வு முகாமுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை மாவட்ட வாரியாக அங்கே கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்கு பெயரையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். போகும் முன், உங்கள் ஊர் டோர்னமென்ட் கமிட்டியிடமும் அதே மாதிரி ஒரு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.