பாம்பு வளர்க்கலாமா டீச்சர்?



அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு பாம்பைக் கையில் பிடித்தபடி நான் நிற்கும் படத்தைப் போட்டாலும் போட்டேன், போன் ஓயவில்லை. "அண்ணி, உங்களுக்கு என்ன ஆச்சு? ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் புற்றுக்குப் பால் ஊற்றுங்கள்" என்றார் என் நாத்தனார். பழைய மாணவர்கள் "எங்க டீச்சர் தைரியசாலி" என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

காரணம், என்னிடம் 1994-இல் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன். இப்போது கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான், பெயர் வேண்டாம். தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். பத்து வயது மகள் கேட்கிறாளாம். பால் பைத்தான் குட்டி ஒன்று விலைக்கு வருகிறதாம். "வாங்கலாமா டீச்சர்? நீங்களே வளர்க்கிறீர்களே!" என்று கேட்டிருந்தான். அவனுக்கான பதிலை எல்லாருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், நான் வளர்க்கவில்லை. அது பதின்மூன்று வயதுப் பேரனுடையது. மகள் இருப்பது வட கரோலினாவில். கார்ன் ஸ்னேக் என்ற அந்த வகை அந்தப் பக்கத்துக் காடு மேடுகளில் இயல்பாக வாழ்வது. பேரனுடையது வளர்ப்பவர்களிடம் முட்டையிலிருந்து பொரித்து வந்த குட்டி. விஷம் கிடையாது. நாலடி நீளம், நல்ல ஆரஞ்சு நிறம். அதனால் "கேசரி" என்று பெயர் வைத்திருக்கிறான். (அந்தப் பெயரைக் கேட்டபிறகு அந்த வீட்டில் எனக்குக் கேசரி இறங்கவே இல்லை.)

பேரன் மூன்று வாரம் கோடை முகாமுக்குப் போனான். மகளும் மாப்பிள்ளையும் பாம்பைத் தொட மாட்டார்கள். "அம்மாச்சி, நீங்கதான் டீச்சர், நீங்க பாத்துக்குவீங்க" என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

முப்பத்தைந்து வருஷம் பாடக்குறிப்பு எழுதியவள் சொல்கிறேன், அது நல்ல பாடக்குறிப்பு. கண்ணாடித் தொட்டியின் ஒரு பக்கம் சூடாக இருக்க வேண்டும், சுமார் 30 டிகிரி. மறுபக்கம் 24, 25. பாம்புக்கு நம்மைப் போல உடம்புக்குள் சூடு உண்டாகாது. சூடு வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரும், போதுமென்றால் அந்தப் பக்கம் போகும். அதனால் ஒளிந்துகொள்ளும் கூடும் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால், குளிர்ந்தாலும் பரவாயில்லை என்று பயத்தில் அதற்குள்ளேயே கிடக்குமாம். சூடு தரும் விரிப்புக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லையென்றால் வயிறு வெந்துபோகும், அதற்குச் சத்தம் போடவும் தெரியாது. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். மூடியின் நான்கு கொக்கியும் போட வேண்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஏனென்றால் ஊர்வனவற்றின் மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடவே கூடாது.

சாப்பாடு எலி. ப்ரீசரின் அடித்தட்டில் தனி டப்பாவில் உறைந்து கிடக்கும். முதல் நாள் இரவே எடுத்துக் கீழே வைத்து, மறுநாள் பையோடு வெந்நீரில் போட்டு, இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். நான் நீட்டினேன். கேசரி ஒரே பாய்ச்சலில் கவ்வியது. எனக்குக் கை நடுங்கினாலும், பசித்த பிள்ளை சாப்பிட்டதைப் பார்த்த திருப்தி வந்தது.

அடுத்த வரியில் பேரன் எழுதியிருந்தான்: சாப்பிட்டபின் இரண்டு நாள் தொடக்கூடாது. அடிக்கோடும் போட்டிருந்தான்.

மறுநாள் காலையில் தொட்டியைப் பார்த்தேன். மரச்சீவல் எல்லாம் அழுக்காகத் தெரிந்தது. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும், வகுப்பறையில் ஒரு காகிதத் துண்டு கிடந்தால் பாடம் தொடங்க மாட்டேன். பாம்பைத் தூக்கி ஒரு வாளியில் விட்டு, தொட்டியைச் சுத்தமாகத் துடைத்தேன். திரும்ப விடும்போது மகளைக் கூப்பிட்டு ஒரு படமும் எடுக்கச் சொன்னேன். நீங்கள் எல்லாரும் லைக் போட்டது அந்தப் படம்தான்.

அன்று இரவு கேசரி முழு எலியையும் கக்கிவிட்டது. பாதி கரைந்திருந்தது. அந்த நாற்றத்தை எழுத முடியாது. எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது நம் பள்ளிக்கூடம்.

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 1993, மழைக்காலம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பெரிய சாரை ஒன்று வந்தது. பிள்ளைகள் கத்தினீர்கள். சவுக்குக் கழியை எடுத்து வரச் சொன்னவளும் நான், அடிக்கச் சொன்னவளும் நான். அடி விழுந்ததும் அது வாயிலிருந்து ஒரு எலியைக் கக்கியது. நம் அரிசி மூட்டையைக் குடைந்துகொண்டிருந்த எலிகளில் ஒன்று. பாம்பு ஆபத்து என்று தெரிந்தால் உடம்பை லேசாக்கிக்கொண்டு ஓடுவதற்காக இரையைக் கக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அது ஓடத்தான் பார்த்திருக்கிறது. நான் அன்றைக்கு அடித்த பையன்களைத் தட்டிக்கொடுத்தேன். மண்புழு உழவனின் நண்பன் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தினேன், எலி தின்னும் சாரையை அதோடு சேர்க்கத் தோன்றவில்லை. கோயம்புத்தூர்க்காரனே, நீயும் அங்கே நின்றாய்.

ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் வந்தான். சொன்னேன். "நீங்க வெளிய எடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இனி சாப்பாடு வேண்டாம் அம்மாச்சி. கக்கினா தொண்டையெல்லாம் புண்ணாகும். தண்ணி மட்டும் மாத்துங்க, வேற ஒண்ணும் செய்யாதீங்க" என்றான். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில் தெரிந்தது. ஒரு ஜீவன் பட்டினி கிடக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடுகிறேன். நடுவில் அதன் கண் பால் படிந்தாற்போல் வெளுத்தது. செத்துவிடும் என்று பயந்துவிட்டேன். தோல் உரிப்பதற்கு முன் அப்படித்தான் ஆகும் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது, நான் சரியாகப் படிக்கவில்லை. சில நாளில் கண் தெளிந்து, சட்டை தலை முதல் வால் வரை முழுசாகக் கழன்றது. பேரன் வந்து சின்ன எலி ஒன்று கொடுத்தான். சாப்பிட்டது. அதன்பிறகுதான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

அவனிடம் ஒருநாள் கேட்டேன், "இதுக்கு உன்ன அடையாளம் தெரியுமாடா?" என்று. "அது என்னைப் பொறுத்துக்குது, அம்மாச்சி. அவ்வளவுதான்" என்றான். அப்படிச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாம்பு வளர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்கள் வளர்க்கக் கூடாது. நாய் வாலாட்டும், பூனை மடியில் படுக்கும். இது ஒன்றும் திருப்பித் தராது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே.

நம் ஊர்ப் பாம்புகள் எதையும் வீட்டில் வளர்க்க முடியாது, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு, அதற்கு வேறு கதை. சர்வதேச ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினம் அது, வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். உன்னிடம் விற்கிறவன் காகிதம் காட்டினானா? காட்டியிருந்தால் நீ என்னைக் கேட்டிருக்க மாட்டாய். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பெட்டிகளில் இந்தக் குட்டிகள் அடைபட்டுப் பிடிபட்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்!

காகிதம் இருந்தாலும் யோசி. அது இருபது, முப்பது வருஷம் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய பால் பைத்தான் ஒன்று 2020-இல் முட்டையே இட்டது. உன் மகள் கல்லூரிக்குப் போவாள், கல்யாணமாகிப் போவாள், எலியை வெந்நீரில் போடுவது நீயோ உன் மனைவியோதான். மாதக்கணக்கில் சாப்பிடாமல் அடம்பிடிக்கும் வகை வேறு. மனைவியிடம் கேட்டாயா? முதலில் அதைச் சொல்.

பிள்ளையின் ஆசையைக் கிள்ளிவிடாதே. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நான்கையும் அடையாளம் காணக் கற்றுக்கொடு. சாரையையும் தண்ணீர்ப்பாம்பையும் பிரித்துச் சொல்லத் தெரியட்டும். எதையும் கையால் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல். வீட்டுப் பக்கம் வந்தால் தள்ளி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். பாம்பு பிடிக்கும் இருளர்கள் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, விஷக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுத்ததைச் சொல். அவர்களில் இருவருக்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நாத்தனாருக்கு ஒரு வார்த்தை: பாம்பு பால் குடிக்காது. அந்தப் பாலில் காபி போட்டு வையுங்கள், வருகிறேன்.

பரீட்சை லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வா. கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போவோம். முன்கூட்டியே சொல்லிவிடு, நானும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்