இழுவை வண்டி யாருக்கு வரும்?

அரியலூரில் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரி பழுதாகிச் சாலையோரம் இருட்டில் நின்றால் சீக்கிரத்தில் யாரும் அகற்றுவதில்லை. இரவு வேலை முடிந்து பைக்கில் காலனிக்குத் திரும்பும் தொழிலாளி அதில் மோதிச் செத்தால், ‘குடித்திருப்பான்’ என்று கதையை முடிக்கிறார்கள்.

சட்டம் அப்படியில்லை தோழர்களே. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127: கேட்பாரற்று 10 மணி நேரம் நிற்கும் வண்டியைக் காவல்துறை இழுத்துச் செல்ல வைக்கலாம். போக்குவரத்துக்கு ஆபத்தென்றால் உடனே அகற்றச் சொல்லலாம். இழுவைச் செலவு உரிமையாளருடையது.

கடைவீதியில் நம் பைக்கைத் தூக்குவதும் இதே சட்டம்தான். லாரிக்கு மட்டும் ஏன் தூங்குகிறது?

பெரம்பலூர், அரியலூர் மாணவர்களே, நிற்கும் லாரியைப் படமெடுங்கள். எண், இடம், நேரம் குறியுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பிரிவு 127-ஐச் சொல்லி மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.