வீடு விற்கமுன் ஒரு கடதாசி

மெல்பேர்ணில் வேலை கிடைத்ததால் சிட்னி வீட்டை ஏழு இலட்சம் டொலருக்கு விலைபேசி முடித்தோம். உறுதியில் எங்கள் இருவர் பெயரும். வீடு கைமாற இரண்டு கிழமை இருக்கையில், "மனைவியின் வரித் திணைக்களச் சான்றிதழ் எங்கே?" என்றார் சட்டத்தரணி. நான் எனக்கு மட்டுமே எடுத்திருந்தேன்.

வரிக் கணக்கில் நாங்கள் வெளிநாட்டார் அல்லர் என்று காட்டும் கடதாசி அது. (இங்கேயே பிறந்தவர்களும் காட்டத்தான் வேண்டும்.) 2025 தை 1 முதல் எந்த விலைக்கு விற்றாலும் தேவை. இல்லாவிட்டால் அவரவர் பங்கில் 15 வீதத்தை வாங்குபவர் பிடித்து வரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும். பிறகு வரிக்கணக்குக் காட்டித்தான் மீட்கலாம். மனைவியின் பாதிக்கு 52,500 டொலர்! புது வீட்டு முற்பணமே அதுதான். எனக்கு நித்திரையில்லை. கைமாற முதல்நாள்தான் வந்து சேர்ந்தது.

விண்ணப்பிக்கக் காசில்லை. கிடைக்க 28 நாள்வரை செல்லலாம். 12 மாதம் செல்லுபடியாகும். வாசலில் விற்பனைப் பலகை நடமுன்னரே, உறுதியில் பெயருள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பியுங்கள்.