அவ்வை சண்முகியைத் தெரியும், அவ்வை சண்முகத்தைத் தெரியுமா?

டி.வி.யில் "அவ்வை சண்முகி" எத்தனை தடவை போட்டாலும் நம்ம பசங்க கூட்டம் குறையாது. மடிசார் மாமியாக வரும் கமலைப் பார்த்து ஜெமினி கணேசன் மயங்குகிற காட்சிக்கு, வசனத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு சிரிக்கிற ஆட்கள் நம்மிடம் உண்டு. ஒருநாள் சும்மா கேட்டேன்: "அந்தப் பேரு எங்கேருந்து வந்துதுடா?" மெக்கானிக்கல் நண்பன் சொன்னான், "அவ்வையார்லேருந்து வந்திருக்கும்." சிவில்காரன் சொன்னான், "இல்ல மச்சி, மெட்ராஸ்ல ரோடு பேரு அது. அ.தி.மு.க. ஆபீஸ் இருக்கிற ரோடு."

இரண்டுமே பாதி சரி. அந்த சாலைக்குப் பேர் தந்த மனிதர் டி.கே. சண்முகம். கமல்ஹாசன் சிறு பையனாக சினிமாவில் நடித்து முடித்து, அடுத்தது என்ன என்று நின்ற வயசில் சேர்ந்தது அவருடைய டி.கே.எஸ். நாடக சபாவில்தான். 1996-ல் வந்த அந்தப் படத்தின் தலைப்பு, சிஷ்யன் குருவுக்கு வைத்த வணக்கம். நாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.

இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி கிடையாது. அந்தச் சண்முகத்துக்கும் ஒரு குரு உண்டு: தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். அவர் உறங்குவது நம்ம லாஸ்பேட்டைக்குப் பக்கத்தில், கருவடிக்குப்பம் மயானத்தில். இரண்டரை வருஷம் அந்த வழியாகவே சைக்கிளில் போய் வந்த நான், மூன்றாம் வருஷம்தான் இறங்கிப் பார்த்தேன். அதுவும் வேறு வேலையாகப் போனபோது! காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பேர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். சண்முகம் பிறந்தது 1912-ல். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை, மேடையில் பெண் வேஷம் கட்டிய நடிகர். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் "தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா" தொடங்கியபோது அண்ணன்கள் சங்கரன், முத்துசாமியோடு சண்முகமும் சேர்ந்தார். வயசு ஆறு! நாம் எல்லாம் "அ"னா "ஆ"வன்னா எழுதிய வயசில் அவருக்கு மேடை.

இதைத்தான் அந்தக் காலத்தில் "பாய்ஸ் கம்பெனி" என்றார்கள். நான் யோசித்துப் பார்த்தால் அது ஒரு பாலிடெக்னிக்தான். நமக்கு ஃபிட்டிங் ஷாப்பில் முதல் நாள் என்ன செய்தார்கள்? ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, "ராவு" என்றார்கள். மட்டம் வரும்வரை ராவு. கை காய்ச்சுப் போனாலும் ராவு. ஏன், எதற்கு என்ற தியரி எல்லாம் பிறகுதான் வந்தது. பாய்ஸ் கம்பெனியும் அப்படியே. பாட்டு பாடம், வசனம் பாடம், தாளம், நடை, உச்சரிப்பு. அர்த்தம் முழுசாகப் புரியாத வயசிலேயே நூற்றுக்கணக்கான பாட்டு மனப்பாடம். மைக் கிடையாது. கடைசித் தரை டிக்கெட்காரனுக்கும் காது கேட்க வேண்டும். ராத்திரி தொடங்கினால் விடியற்காலை வரை நாடகம். "வள்ளி திருமணம்", "பவளக்கொடி", "சத்தியவான் சாவித்திரி", "கோவலன்" என்று சுவாமிகளின் நாடகங்கள் எதைச் சொன்னாலும் பையன்கள் அன்று ராத்திரி ஆட வேண்டும். சண்முகம் அபிமன்யுவாக நடிக்க "அபிமன்யு சுந்தரி"யை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த கதையை, சண்முகமே "எனது நாடக வாழ்க்கை" என்ற தன் நூலில் சொல்லியிருக்கிறார். நமக்கு ஒரு ரெக்கார்ட் நோட் எழுதவே ஒரு செமஸ்டர் தேவைப்படுகிறது.

எல்லாம் இனிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு வயசுப் பிள்ளையை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் ராத்தூக்கம் கெடுத்து ஆட வைத்த முறை அது. இன்றைக்கு ஒருவரும் ஒப்பமாட்டோம், ஒப்பவும் கூடாது. அதோடு "மகரக்கட்டு" என்று ஒன்று உண்டு. பையனுக்குப் பதினாலு பதினைந்து வயசில் குரல் உடையும் இல்லையா, அதுதான். நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவன் குரல் உடைந்த மறுநாள் ஓரத்தில் நிற்பான். அப்படி ஓரம்போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த வரலாறும் எண்ணி வைக்கவில்லை. சண்முகம் அதைத் தாண்டி வந்தவர்.

அந்தக் கம்பெனி 1922-ல் புதுச்சேரிக்கு வந்தது. சுவாமிகளை அதற்கு முன்பே பக்கவாதம் சாய்த்திருந்தது. ஊர் முழுக்கப் பாட்டு சொல்லிக் கொடுத்தவருக்குப் பேச்சே வரவில்லை. அந்த நிலையிலும் கம்பெனியோடுதான் வந்தார். நவம்பர் 13-ஆம் தேதி இங்கேயே காலமானார். அப்போது சண்முகத்துக்குப் பத்து வயசு. மேடையில் எத்தனையோ தடவை அழுது நடித்திருப்பான் அந்தப் பையன். கருவடிக்குப்பத்தில் அவன் எப்படி நின்றிருப்பான் என்று அந்தச் சமாதி முன்னால் நின்றபோது யோசித்தேன்.

1925-ல் சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள்: ஸ்ரீ பால சண்முகானந்த சபா. கடைசித் தம்பி பகவதியும் சேர, நான்கு பேர். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பின்னால் ஊரே சொன்னது இவர்களைத்தான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், கே.ஆர்.ராமசாமி, எஸ்.வி.சகஸ்ரநாமம், எஸ்.எஸ்.ராஜேந்திரன் எல்லோரும் அந்தப் பட்டறையில் வேலை பழகியவர்களே. "திருவிளையாடல்" இயக்கிய ஏ.பி.நாகராஜனும் அங்கே பெண் வேஷம் கட்டியவர் என்று கேட்டபோது எனக்கு வியப்பு தாளவில்லை.

"அவ்வை" பட்டத்துக்கு வருவோம். 1940-களில் "அவ்வையார்" நாடகத்தில் சண்முகமே கிழவியாக வந்தார். முப்பதை ஒட்டிய ஆண்மகன், கூன் விழுந்து, கோல் ஊன்றி, மூதாட்டியின் குரலில் பாடி நடித்தார். பார்த்தவர்கள் கண்ணுக்குச் சண்முகம் தெரியவில்லை, அவ்வைதான் தெரிந்தாள். பேரோடு பட்டமும் ஒட்டிக்கொண்டது. ஆனால் 1953-ல் ஜெமினி "அவ்வையார்" படம் எடுத்தபோது திரையில் அவ்வையாக வந்தவர் கே.பி.சுந்தராம்பாள். அவரும் மேடையில் வளர்ந்தவர்தான், அவர் பாடினால் வேறு யாரையும் நினைக்கத் தோன்றாது, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். இன்று அவ்வை என்றால் நம் மனதில் வருவது சுந்தராம்பாளின் முகம். மேடை அவ்வையை நான் பார்த்தது புகைப்படத்தில் மட்டுமே. சினிமா ரீலில் ஏறியது நின்றது, மேடையில் நடந்தது அன்று திரை விழுந்ததோடு போனது.

சினிமாவிலும் அவர் இல்லாமல் இல்லை. 1935-ல் "மேனகா"விலேயே வந்துவிட்டார். "குமாஸ்தாவின் பெண்", "பில்ஹணன்", "ஓர் இரவு" என்று தொடர்ந்தார். உண்மையைச் சொல்லப் போனால், பழைய படங்களில் அவர் குரல் எனக்குக் கொஞ்சம் உரக்கவே படுகிறது. கேமரா பக்கத்திலேயே இருந்தாலும், கடைசி வரிசைக்காரனுக்குக் கேட்கவேண்டுமே என்ற பழைய பழக்கம் போகவில்லையோ என்னவோ. ஆனால் 1961-ல் வந்த "கப்பலோட்டிய தமிழன்" பாருங்கள். வ.உ.சி.யாக சிவாஜி, சுப்பிரமணிய சிவாவாக சண்முகம். சிறை வாங்கிக் கொடுத்த தொழுநோயோடு சிவா நிற்கிற கட்டத்தில், அத்தனை வருஷ மேடையும் அடங்கி ஒரு முகத்தில் வந்து நிற்கிறது. சிவாஜி எதிரில் நின்று பெயர் வாங்குவது லேசா?

1962-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1971-ல் பத்மஸ்ரீ. 1973-ல் காலமானார். அதே வருஷம்தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் "ராஜராஜ சோழன்" வெளிவந்தது. டி.கே.எஸ். மேடையில் தம்பி பகவதி ராஜராஜனாக நின்ற நாடகம் அது. திரையில் சிவாஜி நின்றார், இயக்கியது அதே கம்பெனிப் பையன் நாகராஜன்.

"அதெல்லாம் அந்தக் காலம் மச்சி, இப்ப மேடை எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வெளிநாட்டுக் கணக்கு. "பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்" படத்தில் கேப்டன் பார்போசாவாக வருவாரே, ஆஸ்திரேலியாக்காரர் ஜெஃப்ரி ரஷ்? அவர் 1971-லேயே குயின்ஸ்லாந்தில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். "ஷைன்" படத்துக்காக ஆஸ்கார் வாங்கியது 1997-ல். நடுவே உள்ள இருபத்தாறு வருஷத்தில் பெரும்பகுதி மேடைதான். ஆஸ்கார் வாங்கிய பிறகும் மேடையை அவர் விடவில்லை. அவர்கள் ஊரில் மேடை நடிகன், திரை நடிகன் என்று இரண்டு ஜாதி கிடையாது போலும்.

இதையெல்லாம் ஏன் யூனியன் மலரில் எழுதுகிறேன் என்றால், போன ஆண்டு விழாதான் காரணம். நாங்கள் எட்டுப் பேர் ஒரு மாசம், வொர்க்‌ஷாப் முடிந்து டிரஸ்கூட மாற்றாமல், ஒத்திகை பார்த்த நாடகம். முதலில் நாற்பது நிமிஷம் என்றார்கள். பிறகு இருபது ஆனது. விழா அன்று சாயங்காலம் "பத்து நிமிஷத்துல முடிச்சுடுங்கப்பா, டான்ஸ் ஐட்டம் நிறைய இருக்கு" என்று கேட்டு வந்தார்கள். முடிக்கவில்லை, நடிக்கவும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். டான்ஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் கீழே நின்று விசில் அடித்தவன்தான். ஆனால் பாட்டைப் போட்டு ஆடியவர்கள் அத்தனை பேரும் யாரோ ஒரு நடிகனைப் பார்த்து ஆடினார்கள். எங்கள் நாடகத்தில் கிழவனாக வர இருந்த எலக்ட்ரிக்கல் நண்பன், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒரு பெரியவரை ஒரு மாசம் பார்த்துப் பார்த்து அந்த நடையைப் பிடித்திருந்தான். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

யூனியன் நண்பர்களிடம் என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வரும் ஆண்டு விழாவில் நாடகத்துக்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள், அதை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் யாரும் குறைக்க முடியாதபடி. இன்னொன்று, நவம்பர் 13 அன்று நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பம் வந்து சுவாமிகளுக்கு மாலை போடுகிறார்கள். நம் வாசலிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். நானும் அந்த எலக்ட்ரிக்கல் நண்பனும் இந்தத் தடவை போவதாக இருக்கிறோம். என் கேரியரில் ஒரு இடம் காலி.