ஹெய்ஸ்மன் கோப்பை வென்ற டேனியல்ஸ்: தொழில்முறைக் களத்திலும் ஓட்டம் தொடருமா?

டெட்ராய்ட்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உயரிய தனிநபர் விருதான ஹெய்ஸ்மன் கோப்பையை 2023-ஆம் ஆண்டுக்கு வென்ற ஜேடன் டேனியல்ஸ், 2024 ஏப்ரலில் தொழில்முறை ஆட்டத்தின் வாசலில் நின்றார். தேசியக் கால்பந்து லீக்கின் (என்எஃப்எல்) வீரர் தேர்வு டெட்ராய்ட் நகரில் 2024 ஏப்ரல் 25-ஆம் தேதி தொடங்கியது. முதல் மூன்று இடங்களுக்குள் அவரது பெயர் அழைக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தது. அவரது திறமை குறித்துப் பெரிய ஐயம் எவருக்கும் இருக்கவில்லை. அந்தத் திறமைக்கு அடிப்படையாக உள்ள ஆட்டமுறையை அவரது உடல் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பதே அணிகளின் முன்னிருந்த கேள்வி.

எண்கள் சொல்லும் கதை

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர் தாக்குதல் ஆட்டத்தின் மூளை. ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் அவர் கைக்கே வருகிறது. யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் தானே பந்துடன் ஓடுவதா என்பதை ஓரிரு விநாடிகளில் அவர் முடிவு செய்தாக வேண்டும்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக 2023 பருவத்தில் 12 ஆட்டங்களில் களமிறங்கிய டேனியல்ஸ், எறிதல் மூலம் 3,812 யார்டு தூரத்தையும் 40 டச் டவுன்களையும் ஈட்டினார். எதிரணி இடைமறித்துக் கைப்பற்றிய எறிதல்கள் 4 மட்டுமே. இவற்றுடன் பந்தைத் தானே சுமந்து ஓடி 1,134 யார்டும் 10 டச் டவுன்களும் சேர்த்தார். ஆக, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 412 யார்டு.

நவம்பர் 11-ஆம் தேதி புளோரிடா அணிக்கு எதிரான ஆட்டம் அந்தப் பருவத்தின் உச்சம். அன்று அவர் எறிந்தது 372 யார்டு, ஓடியது 234 யார்டு. கல்லூரிக் கால்பந்தின் உயர் பிரிவில் ஒரே ஆட்டத்தில் 350 யார்டுக்கு மேல் எறிந்து, 200 யார்டுக்கு மேல் ஓடிய முதல் வீரர் அவரே.

விருது வாக்களிப்பில் இந்த எண்களே அவரைக் காப்பாற்றின எனலாம். அவரது அணி மூன்று ஆட்டங்களில் தோற்றிருந்தது. போட்டியில் இருந்த மைக்கேல் பெனிக்ஸோ, தோல்வியே காணாத வாஷிங்டன் பல்கலைக்கழக அணியை வழிநடத்தியவர். ஆயினும் டேனியல்ஸ் 2,029 புள்ளிகளும் பெனிக்ஸ் 1,701 புள்ளிகளும் பெற்றனர். பில்லி கேனன் (1959), ஜோ பர்ரோ (2019) ஆகியோருக்குப் பின் இப்பல்கலைக்கழகத்துக்கு இவ்விருதைப் பெற்றுத் தந்த மூன்றாவது வீரரானார் டேனியல்ஸ்.

தாமதமாக மலர்ந்த திறமை

கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த டேனியல்ஸ், 2019-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தம் கல்லூரி ஆட்டத்தைத் தொடங்கினார். முதலாண்டிலேயே கவனம் பெற்றாலும், 2021-இல் அவரது வளர்ச்சி தடைபட்டது. அவ்வாண்டு அவர் எறிந்த டச் டவுன்கள் 10; எதிரணியிடம் பறிகொடுத்த எறிதல்களும் 10.

2022-இல் லூசியானாவுக்கு மாறினார். பல்கலைக்கழகம் மாறும் வீரர் ஓராண்டு வெளியே அமர வேண்டும் என்ற பழைய விதி அதற்கு முந்தைய ஆண்டில்தான் தளர்த்தப்பட்டிருந்தது. கரோனா காலத்தில் வீரர்களுக்கு வழங்கப்பட்ட கூடுதல் ஓராண்டுத் தகுதியும் அவருக்குக் கைகொடுத்தது. இவ்விரு மாற்றங்களும் இல்லையெனில் 2023 பருவம் அவருக்கு வாய்த்திருக்காது.

இதையே அவருக்கு எதிரான வாதமாகவும் சிலர் வைத்தனர். ஐந்தாம் ஆண்டில் ஆடிய 22 வயது வீரர், தம்மைவிட இளையவர்களுக்கு எதிராகச் சிறந்ததில் வியப்பில்லை என்பது அவர்கள் கூற்று. மேலும், அவர் எறிந்த பந்துகளைப் பிடித்த மாலிக் நேபர்ஸ், பிரையன் தாமஸ் இருவருமே முதல் சுற்றில் தேர்வாகக் கூடியவர்களாக இருந்தனர். அத்தகைய துணை எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது.

தோற்ற அணிக்கே முதல் உரிமை

இந்திய ரசிகர்கள் அறிந்த ஐபிஎல் ஏலத்திலிருந்து என்எஃப்எல் வீரர் தேர்வு அடிப்படையிலேயே வேறுபட்டது. ஐபிஎல்லில் அதிகத் தொகை கேட்கும் அணிக்கே வீரர் சொந்தம். 2023 டிசம்பர் ஏலத்தில் மிட்செல் ஸ்டார்க்கை ரூ.24.75 கோடிக்குக் கொல்கத்தா அணி வாங்கியது அவ்வாறே. என்எஃப்எல்லில் ஏலமே இல்லை. முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு. அடுத்த மோசமான அணிக்கு இரண்டாவது. அணிகள் இந்த உரிமையைத் தமக்குள் கைமாற்றிக் கொள்ளலாம். வீரருக்கு அணியைத் தெரிவு செய்யும் உரிமை இல்லை.

2024-இல் முதல் தேர்வு சிகாகோவிடமும், இரண்டாவது வாஷிங்டன் கமாண்டர்ஸிடமும், மூன்றாவது நியூ இங்கிலாந்திடமும் இருந்தன. 2022-இன் ஹெய்ஸ்மன் வெற்றியாளரான கேலப் வில்லியம்ஸை சிகாகோ தேர்ந்தெடுக்கும் எனப் பரவலாகக் கருதப்பட்டதால், டேனியல்ஸின் பெயர் வாஷிங்டனுடன் இணைத்துப் பேசப்பட்டது. 2023 பருவத்தில் 17 ஆட்டங்களில் 4-இல் மட்டுமே வென்ற அந்த அணி, தன் குவார்ட்டர்பேக் சாம் ஹாவலை 2024 மார்ச் மாதம் சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டது. புதிய உரிமையாளர்கள், புதிய பொது மேலாளர், புதிய பயிற்சியாளர் என அனைத்தும் மாறியிருந்த நிலையில், ஆட்டத்தின் மையம் மட்டும் காலியாக இருந்தது.

பணக் கணக்கும் இதில் உண்டு. புதிய வீரரின் ஊதியம் தேர்வு வரிசைப்படி ஏறத்தாழ முன்னரே வரையறுக்கப்பட்டது. 2023-இல் இரண்டாவதாகத் தேர்வான சி.ஜே. ஸ்ட்ரவுடுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3.62 கோடி டாலர், அதாவது ஏறத்தாழ ரூ.300 கோடி, உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜோ பர்ரோ செய்துகொண்ட ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்கு 27.5 கோடி டாலர். இளம் குவார்ட்டர்பேக் விரைவில் நன்றாக ஆடினால், மிச்சமாகும் பணத்தில் அணி மற்ற இடங்களை வலுப்படுத்தலாம். தேர்வு தவறினாலோ, பணத்தை விடப் பெரிய இழப்பு: சில ஆண்டுகள் வீணாகும்.

விருது தரும் உத்தரவாதம் என்ன?

ஹெய்ஸ்மன் கோப்பை தொழில்முறை வெற்றிக்கான முன்னறிவிப்பு அன்று என்பதை வரலாறு பலமுறை காட்டியுள்ளது. 1935-இல் அதை முதன்முதலில் வென்ற ஜே பெர்வாங்கர், அடுத்த ஆண்டு நடந்த முதல் வீரர் தேர்விலும் முதல் வீரராக அழைக்கப்பட்டார்; ஆனால் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. குவார்ட்டர்பேக்காக இவ்விருதை வென்று, பின்னர் தொடக்க ஆட்டக்காரராக சூப்பர் பவுலையும் வென்றவர்கள் இதுவரை ரோஜர் ஸ்டாபாக், ஜிம் பிளங்கெட் ஆகிய இருவர் மட்டுமே.

அண்மைச் சான்றும் அருகிலேயே உள்ளது. 2021-இல் ஹெய்ஸ்மன் வென்ற பிரைஸ் யங், 2023-இல் முதல் வீரராகக் கரோலினாவுக்குச் சென்றார். அந்த அணி 17 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. ஹெய்ஸ்மன் வெல்லாத ஸ்ட்ரவுட், ஹூஸ்டன் அணியில் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருதைப் பெற்றார். வீரரின் தரத்தைப் போலவே, அவர் சென்று சேரும் அணியின் தரமும் முடிவைத் தீர்மானிக்கிறது.

வாஷிங்டனின் பழைய காயம்

டேனியல்ஸ் ஏறத்தாழ 6 அடி 4 அங்குல உயரமும் 95 கிலோ எடையும் உடையவர். இந்த உயரத்துக்கு இது ஒல்லியான உடல்வாகு. பந்துடன் ஓடும் குவார்ட்டர்பேக், கால்களை முன்நீட்டித் தரையில் சறுக்கினால் அவர்மீது மோதக் கூடாது என்பது விதி. ஆயினும் கூடுதலாகச் சில யார்டுக்கு ஆசைப்பட்டு, சறுக்காமல் மோதலை எதிர்கொள்ளும் வழக்கம் டேனியல்ஸிடம் இருந்தது. நவம்பரில் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் பலத்த அடி வாங்கி அவர் பாதியில் வெளியேறினார். புளோரிடா ஆட்டத்தின் சாதனை நிகழ்ந்தது அதற்கு ஒரே வாரத்துக்குப் பிறகுதான்.

வாஷிங்டன் ரசிகர்களுக்கு இது அறிமுகமான கதை. 2011-இல் ஹெய்ஸ்மன் வென்ற ராபர்ட் கிரிஃபினைப் பெற, அந்த அணி அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் விட்டுக்கொடுத்து, 2012-இல் இதே இரண்டாம் இடத்தை வாங்கியது. முதல் பருவத்திலேயே 3,200 யார்டு எறிந்து, 815 யார்டு ஓடி, சிறந்த புதிய தாக்குதல் வீரராகத் தேர்வானார் கிரிஃபின். 2013 ஜனவரியில், ஏற்கெனவே வலி இருந்த முழங்காலுடன் சியாட்டிலுக்கு எதிராக ஆடியபோது தசைநார்கள் கிழிந்தன. அதன்பின் அந்தப் பழைய வேகம் திரும்பவில்லை. 2015 பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறக்கப்படவில்லை.

மாற்று எடுத்துக்காட்டும் உண்டு. 2016-இல் ஹெய்ஸ்மன் வென்ற லாமர் ஜாக்சனை, முதல் சுற்றின் கடைசி இடமான 32-ஆவது இடத்தில்தான் பால்டிமோர் தேர்ந்தெடுத்தது. அவருக்கேற்ப ஆட்டமுறையையே அந்த அணி மாற்றியமைத்தது. 2019, 2023 ஆகிய இரு பருவங்களிலும் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை அவர் வென்றார். ஓடும் குவார்ட்டர்பேக் நீடிக்க முடியாது என்பதை விதியாகக் கொள்ள இயலாது என்பதற்கு ஜாக்சனே சாட்சி.

தம் உடலின் மதிப்பை டேனியல்ஸ் அறியாதவர் அல்லர். ஜனவரி 1-ஆம் தேதி விஸ்கான்சினுக்கு எதிரான பருவ இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. அவரின்றியே அணி 35-31 என வென்றது. கல்லூரியில் ஓர் ஆட்டத்தைத் தவிர்க்கும் உரிமை அவரிடம் இருந்தது. தொழில்முறையில் அத்தகைய தெரிவு கிடையாது. ஆண்டுக்கு 17 ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் தம்மைவிடப் பருமனான, தம் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் எதிரிகள்.

எனவே அவரைத் தேர்ந்தெடுக்கும் அணி, எப்போது சறுக்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுக்கவும், வலி இருக்கும்போது அவரை வெளியே அமர்த்தவும் துணிய வேண்டியிருந்தது. 2013-இல் வாஷிங்டன் தவறியது இந்த இரண்டாவது பாடத்தில்தான். அந்த வியாழக்கிழமை இரவு எந்த அணி அவரது பெயரை அழைத்தாலும், 40 டச் டவுன்களையும் கோப்பையையும் மதிப்பிடுவதைவிடக் கடினமான பொறுப்பு அதற்குக் காத்திருந்தது.