முட்டை போடாத கோழிக்கு மரண தண்டனையா?

ஒரு வீட்டுக் கொல்லையில் ஐந்து கோழிகள். அதில் கருப்புக் கோழி பத்து நாளாக முட்டை வைக்கவில்லை. இறகைச் சிலுப்பிக்கொண்டு சுவரோரம் நிற்கிறது. போட்ட கம்பைக் கொத்தவில்லை. வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "ஞாயித்துக்கிழமை அடிச்சிரலாம்." அவ்வளவுதான். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, அப்பீல் கிடையாது. நேராகக் குழம்புச் சட்டி!

சிரிக்காதீர்கள். இரக்கம், பாவம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் இந்தத் தீர்ப்பு தப்பு.

முதலில் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ந்து திரியும் நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை வைக்கும். 60 என்றே வையுங்கள். அதில் 12 முட்டையை அடை வைத்து ஆறு குஞ்சு தேறி, ஒவ்வொன்றும் 300 ரூபாய்க்குப் போனால் 1,800. மீதி 48 முட்டை, 12 ரூபாய் வீதம் 576. ஆக 2,376 ரூபாய். தீனிச் செலவு பெரும்பாலும் குப்பைமேடும் புழுவும்தான். அடித்துத் தின்றால்? ஒரு வேளைக் கறி. ஐநூறு ரூபாய் என்று தாராளமாகவே மதிப்புப் போட்டாலும் மிச்சம் யாருடைய நஷ்டம்? ஒரு மாதம் வட்டி வரவில்லை என்று எந்தக் கடனையாவது அன்றைக்கே வாராக்கடனில் எழுதுவார்களா? கோழிக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? நாமக்கல் பண்ணைகளிலிருந்து. அங்கே வெள்ளை லெகார்ன் வகைக் கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரை போடும். 16 மணி நேரம் வெளிச்சம், அளந்த தீனி, கூண்டு. ஒன்றரை வயதுக்கு மேல் முட்டை குறைந்தால் லாரி ஏற்றிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் வளர்ப்பவருக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஐந்து கோழி வைத்திருப்பவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. அவருக்கு ஒரு கோழி போனால் முதலில் இருபது சதவீதம் போச்சு!

இன்னொன்று. கொல்லைக் கோழி யாருடையது? பெரும்பாலான வீடுகளில் பெண்களுடையது. முட்டை விற்ற காசுதான் சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டு வாங்கவும், யாரிடமும் கை நீட்டாமல் பஸ் ஏறவும் அந்தக் காசுதான். ஆனால் "அடிச்சிரலாம்" என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் கோழிக்கு ஒருநாளும் தண்ணி வைக்காத ஆள்! வளர்த்தவளிடம் ஒரு வார்த்தை கேட்பதுகூட இல்லை. வீட்டுக் கணக்கில் வரவாகவே எழுதப்படாத காசு என்பதால், அது போனதும் செலவாக எழுதப்படுவதில்லை.

சரி, கோழி ஏன் முட்டையை நிறுத்துகிறது? சோம்பலா? ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. ஓடு கட்டுவதற்கு மட்டும் அதில் சுமார் 20 மணி நேரம். ஒரு ஓட்டுக்கு இரண்டு கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும். அது தீனியில் இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இப்படி உழைக்கிற பிராணி நின்றுபோனால் ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

சில காரணங்கள் நோயே இல்லை. அடைக்கோழி 21 நாள் உட்காரும், பிறகு குஞ்சு மேய்க்கும். அப்போது முட்டை வராது. இறகு உதிர்க்கும் காலத்தில் இரண்டு மாதம்கூட நிற்கும். சித்திரை வெயிலில் தீனி குறையும், முட்டையும் குறையும். சில கோழிகள் நிறுத்தவே இல்லை, பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் வைத்துக்கொண்டிருக்கும்! இதற்கெல்லாம் மூக்கில் இறகைச் செருகுவதும், தண்ணீரில் முக்குவதும் என்ன வைத்தியமோ!

மற்றவை நோய். கொண்டை வெளுத்திருந்தால் குடற்புழுவோ, இரவில் ரத்தம் குடிக்கும் செள்ளோ இருக்கலாம். பஞ்சாரத்தைச் சுத்தம் செய்து வெயிலில் காயவைக்க வேண்டும், மருந்தகத்தில் கேட்டுப் புழு மருந்து கொடுக்க வேண்டும். ஓடில்லாத தோல் முட்டை வந்தால் கிளிஞ்சலை இடித்துப் போடலாம். வயிறு கனத்து, முக்கி முக்கி நின்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் உட்கார வைத்து இருட்டான இடத்தில் விட்டால் சில சமயம் வந்துவிடும். அமுக்கி எடுக்கப் பார்த்தால் உள்ளேயே உடையும், கோழி செத்துவிடும்.

வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்துத் திருகினால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். ராணிக்கெட் நோய் என்பதும் அதுதான். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது, தடுப்பு மருந்து மட்டும்தான். அரசு கால்நடை மருந்தகங்கள் பிப்ரவரி வாக்கில் இதற்கென்றே இலவச முகாம் நடத்துகின்றன. கூட்டம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

"ஒரு கோழிக்கு டாக்டரா? பஸ் காசுக்குப் புதுக் கோழியே வாங்கிடலாமே" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதல் வேலைக்கு டாக்டரே வேண்டாம். தனியாகப் பிரித்து வைப்பது, சுத்தமான தண்ணீர், நிழல், எச்சத்தைப் பார்ப்பது... இதற்கு என்ன செலவு? பிரிக்காமல் விட்டால் மீதி நான்கும் போகும். அப்போது பஸ் காசு எந்த மூலைக்கு?

இதைவிட மோசமானவர்கள், நோய்க் கோழியை விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறவர்கள். வாங்குகிறவர் தன் கொல்லைக்குச் சாவை வாங்கிக்கொண்டு போகிறார். இது சாமர்த்தியமா? பச்சையான மோசடி. இன்னும் சிலர் சாகக் கிடப்பதை அறுத்துச் சமைக்கிறார்கள். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாடே கோழிக்கறியைப் பார்த்துப் பயந்தது. அந்தக் காய்ச்சல் மனிதனுக்குத் தொற்றும் முக்கிய வழியே நோய்க் கோழியைக் கையாள்வதும், அறுப்பதும், இறகு பிடுங்குவதும்தான். அந்தப் பாடம் அதற்குள் மறந்துவிட்டதா? மனித மாத்திரையை உடைத்துக் கோழி வாயில் போட்டுவிட்டு, இரண்டே நாளில் அதையே குழம்பு வைப்பதும் இதே ரகம். அந்த மருந்து யார் வயிற்றுக்குப் போகிறது?

எல்லாக் கோழியும் பிழைக்காது. சிலது தேறவே தேறாது. அப்போது வலி இல்லாமல் முடித்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அதுவும் கவனிப்புதான். ஆனால் அந்த முடிவு, காரணம் என்னவென்று பார்த்த பிறகு வரவேண்டும்.

மூன்று வருஷம் முட்டை தின்றவர்கள் மூன்று நாள் பொறுக்கக் கூடாதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கத்தியைத் தேடும் முன், கோழியைத் தூக்கி அதன் எச்சத்தையும் கொண்டையையும் ஒரு தடவை பாருங்கள். முக்கியமாக, அதற்குத் தண்ணி வைத்தவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.