முதல் ஜாமம் யாருக்கு?

பள்ளி விடுமுறையில் சுங்கைப்பட்டாணியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடினோம். கதையை நடத்தியவன் நான். மூவர் காட்டில் கூடாரம் போட்டுத் தூங்கினர். காவலுக்கு யார் என்று நான் கேட்கவே இல்லை. நள்ளிரவில் ஓநாய்களை ஏவிவிட்டேன். என் தங்கையின் வீராங்கனை தூக்கத்திலேயே செத்தாள். மறுவாரம் தங்கை விளையாட வரவில்லை.

தவறு என்னுடையதுதான். 2014-ஆம் ஆண்டு விதிநூலில் நீண்ட ஓய்வு 8 மணி நேரம். அதில் 2 மணி நேரம் வரை காவல் இருக்கலாம். நால்வர் என்றால் இரவு முழுவதும் ஒருவர் விழித்திருப்பார். மூவர் என்றால் 2 மணி நேரம் ஆளில்லை. அந்த நேரத்துக்கு யார் தூக்கத்தை விடுவது, நெருப்பை அணைப்பதா என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும். விளையாட்டே அதில்தான் இருக்கிறது. தூங்குபவர்மேல் அருகிலிருந்து படும் அடிக்குக் காயப் பகடை இரட்டிப்பு. முடிவெடுக்க விடாமல் அடித்தால், உறங்கிய பாசறைக்குள் புகுந்த அசுவத்தாமனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதற்காக இரவுதோறும் ஓநாய் வேண்டாம். பீடோங் பக்கத் தோட்டத்தில் ஜாகாவாக இருந்த எங்கள் தாத்தாவுக்குப் பெரும்பாலான இரவுகள் கொசுவோடும் தேநீரோடும் கழிந்தனவாம். இரண்டு பாத்திரங்கள் மனம்விட்டுப் பேச அப்படி ஓர் இரவு போதும்.

சனிக்கிழமை தங்கையைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன். எந்த ஜாமம் வேண்டும் என்று அவளைத்தான் முதலில் கேட்பேன்.